சொல்லாமல் விட்ட சேதி



சென்ற வருடம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த வேளையிலே, ஸ்காபரோவிலுள்ள எமது அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டி ஓர் இளம்பெண் வந்து நின்றாள். ஊரில் எமக்கு அடுத்த வளவில் பிறந்தவள், முப்பதைக் கடந்தவள், திருமணமாகி இரண்டு வருடங்களாகின்றன. தேநீரைக் கையில் வாங்கியவள் அதைக் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து விட்டுக் கேட்டாள்.

"அன்ரி, என்ரை அம்மா எப்பிடிச் செத்தவ?"

தான் பதினொரு வாரக் கர்ப்பிணி என்றும், வைத்தியரிடம் நிரப்பிக் கொடுக்கவேண்டிய பதிவேட்டில் குடும்ப வரலாறு கேட்கப்பட்டுள்ளது என்றும், தாய்க்கோ சகோதரிக்கோ கர்ப்பகாலத்தில் உயர் குருதி அமுக்கம் இருந்ததா என்ற கேள்விக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்றும் அவள் சொன்னாள். அவளை வளர்த்த சித்தியிடம் கேட்டபோது, "உன்ரை அம்மா ஷெல் விழுந்து செத்தவ, அதை ஏன் இப்ப கிண்டுறாய்?" என்ற பதிலே கிடைத்ததாம்.

அந்தப் பதில் உண்மையல்ல என்பது எனக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேலாகத் தெரிந்துகொண்டே நானும் வாய்மூடி இருந்திருக்கின்றேன். அன்று நான் அவளுக்குச் சொன்னதையும், அதன் பின்னர் நான் தேடிப் படித்தறிந்ததையும் இவ்வாரம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். அவளுடைய சம்மதத்துடனேயே எழுதுகின்றேன். பெயர்களைத் தவிர்த்திருக்கின்றேன். நான் மருத்துவம் படித்தவளல்லேன். கலைப்பட்டதாரி, கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். ஆகவே ஆசிரியை ஒருத்தி பாடத்தை விளங்கிக்கொண்டு சொல்வதாகவே இதனை ஏற்றுக்கொள்ளுங்கள்.

1991ஆம் ஆண்டு இரவு

அது 1991ஆம் ஆண்டு. வடமராட்சியில் ஒரு கிராமம். மின்சாரம் நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை விற்ற காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது எண்ணெயும் விட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்திலேதான் நான் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்துவது வழக்கம்.

அடுத்த வளவிலிருந்த அந்தத் தாய்க்கு அப்போது இருபத்து மூன்று வயது. தலைப்பிள்ளை. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாகக் கால்கள் வீங்கியிருந்தன. பின்னர் கைகளும் முகமும் வீங்கின. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்ற முடியாமல் சவர்க்காரம் போட்டு இழுத்ததை நான் என் கண்களாலேயே கண்டேன். "தலை இடிக்குது, கண்ணுக்குள்ளை மின்னுது" என்று அவள் சொன்னாள். "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கிறது வழமைதானே, வெயிலுக்குள்ளை திரியாதை" என்றார் அவளுடைய தாயார். அதை நானும் ஆமோதித்தேன். படித்தவள் என்று பெயரெடுத்திருந்த நானும் ஆமோதித்தேன் என்பதையே இங்கு முதலில் எழுதவேண்டியவளாக இருக்கின்றேன்.

மூன்றாம் நாள் இரவு வலிப்புக் கண்டது. மண்ணெண்ணெயில் ஓடும் வான் ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் இரண்டு மணித்தியாலங்கள் கழிந்துவிட்டன. குழந்தையை வைத்தியர்கள் காப்பாற்றினார்கள். தாய் விடியும் முன்னரே போய்விட்டாள்.

ஊரார் அதனைச் "சன்னி" என்றார்கள். காத்துக்கறுப்பு என்றும் சிலர் சொன்னார்கள். அந்த அம்மா மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. வீக்கத்தை வழமையென்று சொன்னது தான்தானே என்ற எண்ணம் அவரைச் சாகும்வரை விடவில்லை. 1999இல் பேத்தியைச் சித்தியுடன் கனடாவுக்கு அனுப்பும்போது, "தாய் ஷெல்லடியிலை செத்தது எண்டு சொல்லுங்கோ" என்று அவரே கேட்டுக்கொண்டார். ஷெல்லடியில் ஏற்பட்ட மரணமென்றால் வீட்டிலுள்ள எவர்மீதும் பழி விழாது. எமது காலத்தின் பல மரணங்களைப் போலவே இதுவும் வேறொரு மரணத்தின் பெயரை வாங்கிக்கொண்டது.

அந்த நோயின் பெயர்

அவளைக் கொண்டுபோன நோயை இங்கே "பிறீஎக்லாம்சியா" என்றும், அது முற்றி வலிப்பாக வெளிப்படும்போது "எக்லாம்சியா" என்றும் அழைக்கின்றார்கள். இந்தச் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. திடீரென மின்னும் ஒளி என்பது அதன் பொருள். கண்ணுக்குள்ளே மின்னுகின்றது என்று அந்தப் பெண் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் இச்சொல்லும் என் நினைவுக்கு வருகின்றது.

கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பின்னர் குருதி அமுக்கம் 140க்கு 90 என்ற அளவை எட்டி, அதனுடன் சிறுநீரில் புரதம் வெளியேறுதலோ, ஈரல், சிறுநீரகம், மூளை, குருதியிலுள்ள நுண்தட்டுகள் ஆகியவற்றில் பாதிப்போ காணப்படுமாயின் அது பிறீஎக்லாம்சியா எனப்படும். அமுக்கம் 160க்கு 110 ஆகிவிட்டால் உடனடிச் சிகிச்சை வேண்டும். நூறு கர்ப்பிணிகளில் மூவர் முதல் ஐவர் வரையில் இந்நோய்க்கு ஆளாகின்றனர். 2014இல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வின்படி, உலகில் பேறுகாலத்தில் இறக்கும் தாய்மாரில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் கர்ப்பகால உயர் குருதி அமுக்க நோய்களாலேயே இறக்கின்றனர்.

இந்த நோயைக் கண்டறிவதற்கு நீண்டகாலமாக இரண்டு வழிகளே இருந்தன. 1843இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையின் மருத்துவர் ஜோன் லீவர், வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரிலே புரதம் இருப்பதை அவதானித்தார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரொச்சி, கையில் பட்டி கட்டிக் குருதி அமுக்கத்தை அளக்கும் கருவியை அமைத்தார். ஊரிலே கிளினிக்குக்குப் போன எமது தாய்மார் சிறு போத்தலில் சிறுநீர் கொண்டுபோனதும், மருத்துவமாது கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்ததும் இவ்விரண்டு கண்டுபிடிப்புகளின் பயனேயாகும். இலங்கையில் 1926இல் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த அந்தக் கிளினிக் முறை எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியது. யுத்தத்தினால் அது எமது பகுதிகளிலே சிதறிப்போனதையும் நாம் கண்டோம்.

ஆனால் இவ்விரு வழிகளும் நோய் வந்தபின்னரே அதைக் காட்டுவன. அமுக்கம் சற்று உயர்ந்த எல்லாப் பெண்களும் ஆபத்தை அடைவதுமில்லை. நாளை வலிப்புக் காணப்போகும் பெண் யார், இருபது நாள் கழித்தும் சுகமாகவே இருக்கப்போகும் பெண் யார் என்று பிரித்தறிவதற்கு வைத்தியர்களிடம் நல்ல கருவியில்லை. பாதிப்பேரை வீணாக வைத்தியசாலையில் படுக்கவைப்பதும், மீதிப்பேரில் ஒருவரைத் தவறவிடுவதுமாகவே காலம் சென்றது.

குருதி சொல்லும் சேதி

வாசகர்களே, நான் வாசித்துக்கொண்டு போகையில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டேன். நச்சுக்கொடியிலே உண்டாகும் ஒரு புரதத்தை இத்தாலியில் மரியா கிறாசியெல்லா பெர்சிக்கோவின் குழுவினர் முதன்முதலாக விபரித்து வெளியிட்ட ஆண்டு 1991. எமது அடுத்த வளவுப் பெண் இறந்த அதே ஆண்டு.

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் நச்சுக்கொடியைச் சூல்வித்தகம் என்று படித்திருப்பீர்கள். குழந்தைக்குத் தாயின் குருதியிலிருந்து உணவும் ஒட்சிசனும் கொடுப்பது அதுதான். அதில் உண்டாகும் அப்புரதத்துக்குச் சூல்வித்தக வளர்ச்சிக் காரணி என்று பெயர், வைத்தியர்கள் பி.எல்.ஜி.எவ். என்று சுருக்கிச் சொல்வார்கள். தாயின் குருதிக் குழாய்களை நல்ல நிலையில் வைத்திருப்பதற்கு இது உதவுகின்றது. சாதாரண கர்ப்பத்தில் இதன் அளவு மாதந்தோறும் உயர்ந்து, ஏறத்தாழ முப்பதாவது வாரத்தில் உச்சத்தை அடைந்து, பின்னர் இறங்கும்.

இந்தப் புரதத்துக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2003இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் ஆனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்று, பொஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய சிறுநீரக மருத்துவர். நோய்கண்ட பெண்களின் நச்சுக்கொடி வேறொரு புரதத்தை மிகையாகச் சுரப்பதை இவரும் இவருடைய குழுவினரும் கண்டனர். அதனை நாம் தடைக்காரணி என்று வைத்துக்கொள்வோம். இது தாயின் குருதியிலே கலந்து, வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக் கட்டிப்போட்டு விடுகின்றது. கட்டப்பட்ட வளர்ச்சிக் காரணியால் வேலை செய்ய முடியாது. குருதிக் குழாய்களின் உட்சுவர் கெடுகின்றது, அமுக்கம் ஏறுகின்றது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகின்றது. இத்தடைக்காரணியைக் கர்ப்பமுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் உயர் குருதி அமுக்கமும் சிறுநீரில் புரதமும் ஏற்பட்டன.

மறு ஆண்டு, 2004இல், அதே குழுவினர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தாருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. பின்னாளில் நோய் காணப்போகும் பெண்களின் குருதியில் வளர்ச்சிக் காரணி 13 முதல் 16 வாரங்களிலேயே குறைந்திருந்தது. தடைக்காரணியோ நோய் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்னரே ஏறத் தொடங்கியிருந்தது. கால் வீங்கு முன்னர், தலை இடிக்கு முன்னர், பட்டி கட்டி அளக்கும் கருவி ஏதும் காட்டு முன்னர், குருதியிலே சேதி எழுதப்பட்டுவிடுகின்றது.

அந்தச் சேதியை வாசிப்பது எப்படி

இவ்விரண்டு காரணிகளையும் அளந்து, தடைக்காரணியை வளர்ச்சிக் காரணியால் வகுத்து வரும் விகிதத்தை வைத்தியர்கள் பார்க்கின்றார்கள். 14 நாடுகளில் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வொன்று 38 என்ற எல்லையை வகுத்தது. நோய் இருக்குமோ என்ற சந்தேகத்துடன் வந்த பெண்ணின் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழாக இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வராது என்பதை நூற்றுக்கு 99 பங்கு நம்பிக்கையுடன் சொல்லலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. 38க்கு மேற்பட்டவர்களிலோ, நான்கு வாரங்களுக்குள் நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 37 பேர் மட்டுமே. ஆகவே இப்பரிசோதனை "பயமில்லை" என்று சொல்லும்போது பெரிதும் நம்பலாம். "கவனம்" என்று சொல்லும்போது, விடாமல் கண்காணிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். விதியை எழுதிவைக்கும் சாதகக் குறிப்பாக எவரும் இதனைக் கொள்ளக்கூடாது.

வளர்ச்சிக் காரணியை மட்டும் தனியாக அளக்கும் முறையும் உண்டு. அதில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 பிக்கோகிராமுக்குக் குறைந்தால் குறைவென்றும், 12க்கும் குறைந்தால் மிகக் குறைவென்றும் கணிக்கப்படுகின்றது. பிரித்தானியாவில் 11 மகப்பேற்று நிலையங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடையே நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஆய்வில், இப்பரிசோதனையின் பயனாக நோயை உறுதிசெய்ய எடுத்த காலம் 4.1 நாட்களிலிருந்து 1.9 நாட்களாகக் குறைந்தது. தாய்மாருக்கு ஏற்பட்ட கடும் பாதிப்புகளும் குறைந்தன. இரண்டு நாள் என்பது பெரிதா என்று கேட்பவர்களுக்கு, மேலே நான் எழுதிய மூன்று நாட்களை மீண்டும் ஒருமுறை வாசிக்கும்படி சொல்வேன்.

எமது நகரத்துக்கும் இதில் பங்குண்டு. ரொறன்ரோ மவுண்ற் சினாய் வைத்தியசாலை 2017 முதல் ஆபத்து மிகுந்த கர்ப்பிணிகளுக்கு வளர்ச்சிக் காரணிப் பரிசோதனையைப் பயன்படுத்தத் தொடங்கியது. நச்சுக்கொடி பற்றிய ஆராய்ச்சியில் பெயர்பெற்ற டொக்டர் ஜோன் கிங்டமும் அவருடைய சகாக்களும் அதன் அனுபவத்தை 2021இல் மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டனர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023இல்தான் இத்தகைய விகிதப் பரிசோதனைக்கு முதன்முதலாக அனுமதி வழங்கியது. எல்லா வைத்தியசாலைகளிலும் இப்பரிசோதனை ஒரேவிதமாகக் கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். உங்கள் வைத்தியரிடமோ மருத்துவமாதுவிடமோ கேட்டறிய வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பதினாறு வாரமும் எமது மூன்று மாதமும்

நோயை முன்கூட்டி அறிந்து என்ன பயன், தடுக்க வழியுண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அது மிக மலிவானது: குறைந்த அளவு அஸ்பிரின் குளிசை.

2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரங்களுக்குள் தாயின் வயது, உடல்நிலை, குடும்ப வரலாறு, குருதி அமுக்கம், கருப்பைக்குச் செல்லும் குருதியோட்டம், குருதியிலுள்ள புரதங்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்து, ஆபத்து அதிகமுள்ளவர்களைத் தெரிந்தெடுத்தனர். அவர்களிற் சிலருக்கு நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் அஸ்பிரினும் ஏனையோருக்கு வெற்றுக் குளிசையும் 36ஆவது வாரம் வரையில் கொடுக்கப்பட்டன. வெற்றுக் குளிசை எடுத்த 822 பேரில் 35 பேருக்கு 37 வாரத்துக்கு முன்னரே நோய் கண்டது. அஸ்பிரின் எடுத்த 798 பேரில் 13 பேருக்கே கண்டது. லண்டன் சென். ஜோர்ஜ்ஸ் வைத்தியசாலையில் இம்முறையை அன்றாட நடைமுறைக்குக் கொண்டுவந்து நோய் குறைந்ததை 2021இல் எழுதியவர்களில் ஒருவர் பேராசிரியர் பஸ்கி திலகநாதன். அப்பெயரைக் கண்டவுடன் எமது வாசகர்கள் மகிழ்வர் என்பதனாலேயே குறிப்பிடுகின்றேன். தெற்காசியப் பெண் என்பதையும் இக்கணிப்பு முறை கணக்கில் எடுத்துக்கொள்கின்றது என்பதையும் நாம் மனதிற்கொள்ள வேண்டும்.

கனடாவின் மகப்பேற்று மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு 81 அல்லது 162 மில்லிகிராம் அஸ்பிரினை இரவில் படுக்கப்போகும்போது கொடுக்கும்படி கூறுகின்றது. அதனை 16ஆவது வாரத்துக்கு முன்னரே ஆரம்பிக்க வேண்டும். 36ஆவது வாரத்தளவில் நிறுத்த வேண்டும்.

இந்தப் பதினாறு வாரம் என்ற கணக்கிலேதான் எமது வழக்கமொன்று குறுக்கே நிற்கின்றது. "மூன்று மாதம் கழியுமட்டும் வெளியிலை சொல்லாதை, நாவூறு பட்டுவிடும்" என்று எமது தாய்மார் சொல்வார்கள். ஆரம்ப மாதங்களில் கரு கலைந்துபோகலாம், ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பின்னர் துக்கம் விசாரிக்க வருவோருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்ற இரக்கம் அவ்வழக்கத்திலே இருக்கின்றது. அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அயலாருக்குச் சொல்லாதே என்பது காலப்போக்கில் வைத்தியருக்கும் அவசரப்பட்டுச் சொல்லவேண்டியதில்லை என்று சில வீடுகளில் ஆகிவிட்டது. கணக்கைப் பாருங்கள். மூன்று மாதம் கழிய 13 வாரம். அதன்பின் வைத்தியரிடம் நாள் கேட்டால் அது கிடைக்க ஓரிரு வாரங்கள். அவர் நிபுணரிடம் அனுப்ப மேலும் சில வாரங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கவேண்டிய இரத்தமும் எடுக்கப்படாமல், 16ஆவது வாரத்துக்கு முன்னர் தொடங்கவேண்டிய குளிசையும் தொடங்கப்படாமல் காலம் கடந்துவிடுகின்றது.

ஒன்ராறியோவில் குழந்தையின் நிறமூர்த்தக் குறைபாடுகளை அறிவதற்காகக் கர்ப்பிணிகளுக்கு அதே 11 முதல் 14 வாரங்களுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யும் ஏற்பாடு இருக்கின்றது. அந்த இரத்தத்தில் இந்த வளர்ச்சிக் காரணியும் அளக்கப்படுகின்றது. கை நீட்டினால் கிடைக்கும் தூரத்திலே இருப்பதை நாம் காலம் பிந்திப் போவதனால் இழந்துவிடக் கூடாது. நாவூறுக்குப் பயந்தால் அயலாருக்குச் சொல்லாதிருங்கள். வைத்தியருக்கு அறிந்த அன்றே சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். அஸ்பிரின் கடையில் கிடைக்கின்றது என்பதற்காக எவரும் தாமாகவே வாங்கி எடுக்கலாகாது. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை வைத்தியரே முடிவு செய்யவேண்டும்.

தாய்மார் சொல்லவேண்டியவை

பரிசோதனை எவ்வளவு நுட்பமாயினும், அதைச் செய்யலாமா என்று வைத்தியர் தீர்மானிப்பதற்கு முதலில் வேண்டியது எமது வாய்ச்சொல். முன்னைய கர்ப்பத்தில் இந்நோய் கண்டிருத்தல், ஏற்கனவே உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியன இருத்தல், இரட்டைக் கர்ப்பம் என்பன பெரிய ஆபத்துக் குறிகள். தலைப்பிள்ளை, 35 வயதைக் கடந்த வயது, உடற்பருமன், பத்து வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளி, தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்தமை என்பன அடுத்த நிலைக் குறிகள்; இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தாலும் வைத்தியர் அஸ்பிரினைப் பற்றி யோசிப்பார்.

இப்பட்டியலின் கடைசிக் குறி இளம்பெண்களுக்குத் தெரியாது. அது என்னைப் போன்ற வயதினருக்கே தெரியும். முகாமிலும், பதுங்குகுழியிலும், ஓடுகின்ற வழியிலும், பின்னர் அந்நிய நாடுகளிலும் பிள்ளை பெற்ற எமது தலைமுறைத் தாய்மாரே, உங்களுக்குப் பிறசர் ஏறியதா, பிள்ளையை முன்கூட்டியே எடுத்தார்களா, வலிப்புக் கண்டதா என்பதை உங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மருமகளுக்கும் அவளுடைய தாயிடம் கேட்கச் சொல்லுங்கள்.

உங்களுக்காகவும் அதைச் சொல்லவேண்டியிருக்கின்றது. இந்நோய் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோயும் பாரிசவாதமும் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பது ஆய்வுகளிலே தெளிவாகியுள்ளது. முப்பது வருடத்துக்கு முந்திய கதைதானே என்று விடாமல் உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லி வையுங்கள்.

கர்ப்பிணிகள் எப்போதும் கவனிக்கவேண்டியவையும் உண்டு. விடாத தலையிடி, கண்ணிலே மின்னல் அல்லது மங்கல், வலது விலாவின் கீழே நோவு, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம், மூச்சுமுட்டல், பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றில் எதையேனும் கண்டால் அடுத்த தவணை வரையில் காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வலிப்போ மயக்கமோ கண்டால் 911. ஐயமிருந்தால் ஒன்ராறியோவின் 811 இலக்கத்தை அழைத்துத் தாதியொருவரிடம் ஆலோசனை கேட்கலாம். மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம். பிள்ளை பிறந்தபின்னும் ஆறு வாரங்கள் வரையில் இந்நோய் வரக்கூடும். பத்தியக்கறி கொடுத்துத் தாயைக் கவனிக்கும் வீட்டார், அவளுடைய தலையிடியையும் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் கதை

அன்று நான் உண்மையைச் சொன்னபோது அவள் அழவில்லை. நெடுநேரம் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மம்மாவிலை எனக்குக் கோபமில்லை அன்ரி" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவளுடைய சித்தி தொலைபேசியில் என்னைக் கடுமையாக ஏசினார். "செத்த மனிசியின்ரை பேரைக் கெடுத்துப் போட்டீங்களே ரீச்சர்" என்றார். அக்கோபத்தில் நியாயமிருந்தது, நான் பதில் சொல்லவில்லை.

தாயின் நோயைப் படிவத்தில் எழுதியதும், தலைப்பிள்ளை என்பதையும் சேர்த்து, வைத்தியர் அவளுக்கு 13ஆவது வாரத்திலேயே அஸ்பிரின் தொடங்கினார். 33ஆவது வாரத்தில் அமுக்கம் 142க்கு 92 ஆகி, தலையிடியும் வந்தது. அன்றே வைத்தியசாலைக்குப் போனாள். இரத்தத்தைப் பரிசோதித்து, பிறீஎக்லாம்சியா இல்லை, ஆயினும் வாரம் இருமுறை வந்து காட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இரவு அவளுடன் காத்திருக்கையில், இந்த ஒரு பதிலுக்காக 1991இல் நாங்கள் எதைக் கொடுத்திருக்க மாட்டோம் என்று எண்ணிக்கொண்டேன்.

38ஆவது வாரத்தில் பெண்குழந்தை பிறந்தது. முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவுக்குச் சித்தியே என்னை அழைத்தார். தொட்டிலின் அருகே நின்றபோது, "அக்காவுக்கும் அண்டைக்கு இப்பிடி ஒரு ரெஸ்ற் இருந்திருந்தால்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. குழந்தைக்குத் தன் தாயின் பெயரை வைத்திருக்கின்றாள் அந்தப் பெண்.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.